அடுப்பை அணைக்கும் முன்பு: நிலக்கரி வட்டாரத்துக்கு ஜெர்மனி தரும் பணம் எப்படி இயங்குகிறது?

ஒரு தெருவில் ஒரே ஒரு மெஸ். காலங்காலமாக விறகடுப்புச் சமையல். தெருவில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. மீதிப் பேர் அந்த மெஸ்ஸுக்கு விறகு பிளக்கிறார்கள், இலை கட்டுகிறார்கள், மாவு அரைத்துத் தருகிறார்கள், பால் ஊற்றுகிறார்கள். ஊருக்கே மலிவுச் சாப்பாடு அங்கிருந்துதான் போகிறது. புகையும் ஊருக்கேதான் போகிறது. ஒருநாள் ஊர் கூடி, இந்தப் புகை இனி ஆகாது, அடுப்பை அணைத்தே தீர வேண்டும் என்று முடிவெடுக்கிறது. முடிவு சரிதான். ஆனால் அடுப்பு அணைந்த மறுநாள் அந்தத் தெருக்காரர்கள் எதைத் தின்பார்கள்?

கிழக்கு ஜெர்மனியில், போலந்து எல்லையை ஒட்டியிருக்கும் லவுசிட்ஸ் வட்டாரம் அப்படி ஒரு தெரு. அங்கே எரிந்தது பழுப்பு நிலக்கரி. நம் நெய்வேலியில் தோண்டுகிறோமே, அதே வகை. திறந்தவெளிச் சுரங்கத்தில் வெட்டி, பக்கத்திலேயே எரித்து, மின்சாரமாக்கி நாட்டுக்கு அனுப்பினார்கள். யென்ஷ்வால்டே, ஷ்வார்ட்ஸே பும்பே, பாக்ஸ்பெர்க் என்று பெரிய அனல்மின் நிலையங்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. நிலக்கரி வகைகளில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அதிகமான கார்பன் டை ஆக்சைடைக் கக்குவது இந்தப் பழுப்பு வகைதான்.

2020 ஜூலை 3 அன்று ஜெர்மன் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை ஒரே நாளில் நிறைவேற்றியது. நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையமும் 2038க்குள் மூடப்பட வேண்டும் என்றது ஒன்று. அதே 2038 வரை நிலக்கரி வட்டாரங்களுக்கு 4,000 கோடி யூரோ வரை தரப்படும் என்றது மற்றொன்று. யூரோவுக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 4 லட்சம் கோடி ரூபாய்.

அணைக்கும் தேதியும் அரிசிக்கான பணமும் ஒரே நாளில் சட்டமாயின. இந்த ஏற்பாட்டில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான். குறைகள் நிறைய உண்டு, அவற்றுக்கும் வருகிறேன். முதலில், இப்படி ஒரு ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்று பார்க்க வேண்டும். லவுசிட்ஸ் மக்கள் ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்டவர்கள்.

1990: உலை வைக்காமல் அணைத்த அடுப்பு

1990இல் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாயின. அதற்கு முந்தைய ஆண்டில் லவுசிட்ஸ் நிலக்கரித் தொழிலில் மட்டும் ஏறக்குறைய 80,000 பேர் வேலை பார்த்தார்கள். கிழக்கின் பழைய ஆலைகள் சந்தைக்கு முன் நிற்க முடியாமல் மளமளவென்று மூடப்பட்டன. பத்தே ஆண்டுகளில் அந்த 80,000 பத்தாயிரத்துக்கும் கீழே போனது. நிலக்கரி மட்டுமல்ல, அதை நம்பியிருந்த துணி ஆலை, கண்ணாடித் தொழில் என்று பலவும் கூடவே சரிந்தன. அணைத்தவர்கள் வேறு அடுப்பு மூட்டிவிட்டு அணைக்கவில்லை.

ஹோயர்ஸ்வெர்டா என்ற ஊரை எடுத்துக்கொள்வோம். ஷ்வார்ட்ஸே பும்பே தொழிலாளர்கள் குடியிருப்பதற்காகவே அடுக்குமாடிகளாகக் கட்டி வளர்க்கப்பட்ட ஊர். 1981இல் அங்கே 71,000 பேர் இருந்தார்கள். இன்று சுமார் 30,000. வேலை தேடி மேற்கே போனவர்கள் திரும்பவில்லை. காலியான அடுக்குமாடிகளை வரிசை வரிசையாக இடித்தார்கள். பள்ளிகள் மூடப்பட்டன. முதலில் கிளம்பியவர்கள் இளைஞர்கள், அதிலும் இளம்பெண்கள். ஊரில் தங்கியவர்களுக்கு வயது கூடிக்கொண்டே போனது.

அரசு அப்போது பணம் தரவே இல்லை என்று சொல்ல முடியாது. கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளைச் சீர்ப்படுத்த மட்டும் இதுவரை 1,000 கோடி யூரோவுக்கு மேல் கொட்டியிருக்கிறது. குழிகள் ஏரிகளாயின, ஏரிக்கரையில் சைக்கிள் பாதைகள் வந்தன. ஆனால் அந்தப் பணம் அடுப்படியைக் கழுவிவிடப் போதுமானதாக இருந்ததே தவிர, அங்கே மறுபடி சோறு வடிக்க உதவவில்லை.

அதனால் 2018 ஜூனில் மத்திய அரசு நிலக்கரிக் குழுவை அமைத்தபோது லவுசிட்ஸில் எழுந்த முதல் கேள்வி பருவநிலையைப் பற்றியதல்ல. இந்த முறையாவது முதலில் உலை வைப்பீர்களா என்பதுதான். அந்தக் குழுவில் வாக்குரிமை உள்ள 28 பேர். தொழிற்சங்கத்தார், மின்நிறுவனத் தரப்பு, சூழலியலாளர்கள், அறிவியலாளர்கள், சுரங்கத்தால் இடம்பெயர வேண்டியிருந்த கிராமத்தார் என்று எல்லாத் தரப்பும் ஒரே மேசையில். 2019 ஜனவரியில், விடிய விடிய நடந்த கடைசி அமர்வில், 27 பேர் அறிக்கையை ஏற்றார்கள். எதிர்த்து வாக்களித்த ஒரே ஒருவர் லவுசிட்ஸ்காரர். 2038 வரை சுரங்கம் நீண்டால் தங்கள் பகுதியில் எஞ்சியிருக்கும் கிராமத்துக்கு உத்தரவாதம் எங்கே என்று கேட்டவர். அவர் கேட்டது நியாயம். லவுசிட்ஸில் சுரங்கம் தொடங்கியதிலிருந்து 130க்கும் மேற்பட்ட ஊர்கள் முழுதாகவோ பாதியாகவோ தோண்டியெடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பல, ஜெர்மன் அல்லாத ஸ்லாவிய மொழி பேசும் சோர்பியச் சிறுபான்மையினரின் ஊர்கள். போன ஊரோடு அந்த மொழியைப் பேசும் இடமும் போயிற்று.

மளிகைப் பணம் இரண்டு டப்பாவில்

இனி பணத்தைப் பார்ப்போம். ஊர்ப் பொதுப்பணத்திலிருந்து மெஸ் தெருவுக்கென்று 4,000 கோடி யூரோ ஒதுக்கினார்கள். அதை மொத்தமாக யார் கையிலும் கொடுக்கவில்லை, இரண்டு டப்பாக்களில் பிரித்து வைத்தார்கள்.

முதல் டப்பாவில் 1,400 கோடி. இது மாநில அரசுகளின் கைக்குப் போகும். ஊராட்சிகளும் நகராட்சிகளும் திட்டம் கொடுக்க, மாநிலம் தேர்ந்தெடுத்துச் செலவழிக்கும். இரண்டாம் டப்பாவில் 2,600 கோடி. இது மத்திய அரசே நேரடியாக அந்த வட்டாரங்களில் செலவிடும் பணம்: ரயில் பாதை, நெடுஞ்சாலை, ஆராய்ச்சி மையம், மத்திய அலுவலகங்கள்.

நாட்டில் நிலக்கரித் தெருக்கள் மூன்று. கிழக்கே லவுசிட்ஸ், லைப்சிக்கையும் ஹாலேயையும் சுற்றிய நடு ஜெர்மனி, மேற்கே கொலோன் நகரத்துக்குப் பக்கத்து ரைன்லாந்து. முதல் டப்பாவில் லவுசிட்ஸுக்கு 43 சதவீதம், ரைன்லாந்துக்கு 37, நடு ஜெர்மனிக்கு 20 என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பின்னால் வரும் மந்திரி தன் தொகுதிக்கு ஒரு கரண்டி கூடுதலாக அள்ளிவிட முடியாது. லவுசிட்ஸ் பங்கில் 60 சதவீதம் பிராண்டன்பர்க் மாநிலத்துக்கும் 40 சதவீதம் சாக்சனிக்கும் போகிறது, அந்த வட்டாரம் இரண்டு மாநிலங்களில் பரவிக் கிடப்பதால்.

முதல் டப்பாவைத் திறக்கவும் நிபந்தனை உண்டு. ஒரு திட்டத்துக்கு நூறு ரூபாய் ஆகுமென்றால் மத்திய அரசு அதிகபட்சம் தொண்ணூறு தரும், மீதிப் பத்தை மாநிலமும் ஊராட்சியும் சேர்ந்து போட வேண்டும். பத்து சதவீதம் சின்னத் தொகையாகத் தெரியலாம். ஆட்கள் குறைந்து வரி வருமானம் வற்றிய ஒரு சிற்றூருக்கு அதுவே மலை. அப்படிப்பட்ட ஊர்களின் பங்கை மாநிலம் தாங்கிக்கொண்டால்தான் திட்டம் நகரும்.

இதைவிடப் பெரிய நிபந்தனை ஒன்று இருக்கிறது. வெளியே இருந்து பார்ப்பவர்கள் கவனிக்காமல் விடுவது, ஆனால் மொத்த ஏற்பாட்டின் ருசியையும் தீர்மானிப்பது அதுதான். ஜெர்மன் அரசியல் சாசனத்தின் 104பி பிரிவுப்படி, மாநிலங்களுக்கு மத்திய அரசு தரும் இத்தகைய உதவி முதலீட்டுக்கு மட்டுமே. பாத்திரம் வாங்கலாம், மேடை கட்டலாம், கேஸ் குழாய் இழுக்கலாம். சமையற்காரர் சம்பளத்துக்கு அதிலிருந்து எடுக்க முடியாது. வாடகைக்கோ மின்கட்டணத்துக்கோ எடுக்க முடியாது. பக்கத்தில் புதிதாக இட்லிக்கடை போட நினைக்கும் ஒருவரின் கையிலும் நேராகக் கொடுக்க முடியாது, ஏனென்றால் அது தனியார் தொழில். அவர் கடை போடப்போகும் இடத்துக்கு ரோடும் தண்ணீர்க் குழாயும் போட்டுக் கொடுக்கலாம், அவ்வளவே.

அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: உதவி குறிப்பிட்ட காலத்துக்குத்தான், ஆண்டு செல்லச் செல்லத் தொகை குறைய வேண்டும். அதனால்தான் முதல் டப்பாவின் 1,400 கோடி மூன்று கட்டமாகச் சரிந்துகொண்டே போகிறது: 2026 வரை 550 கோடி, 2032 வரை 450 கோடி, 2038 வரை 400 கோடி. கடைசி அடுப்பு அணையும் கட்டத்துக்கான பங்குதான் மூன்றிலும் குறைவு. இது திட்டமிட்ட கருமித்தனமல்ல. மாநிலங்கள் நிரந்தரமாக மத்திய அரசின் கையைப் பார்த்திருக்கக் கூடாது என்பதற்காகச் சாசனம் போட்ட கட்டு. ஆனாலும் அதன் விளைவு கடுமையானது. தொடக்க ஆண்டுகளில், ஊர்களிடம் தயாராகத் திட்டமே இல்லாதபோது, டப்பா நிறைந்திருக்கிறது. நல்ல யோசனைகள் கனிந்து வரும்போது அடி தெரிகிறது.

ஒரு சிற்றூர் மேயரின் கோரிக்கை எப்படிப் பயணப்படுகிறது என்று பிராண்டன்பர்க் பக்கமாகப் பார்ப்போம். பழைய சுரங்கப் பணிமனை இருந்த இடத்தைத் தொழிற்பேட்டையாக்க வேண்டும் என்கிறார் அவர். கோரிக்கை முதலில் வட்டார வளர்ச்சி நிறுவனத்துக்குப் போகிறது. அங்கே துறைவாரியான பணிக்குழு ஒன்று மேயரோடு உட்கார்ந்து கேட்கிறது: யார் வருவார்கள், எத்தனை வேலை, பத்து ஆண்டு கழித்துப் பராமரிப்புச் செலவு யாருடையது? தேறினால் மாநில அமைச்சகங்கள் சேர்ந்த குழுவுக்கு. அங்கே தேறினால் மத்திய அரசின் பார்வைக்கு. பிறகு மாநில வளர்ச்சி வங்கியில் முறையான விண்ணப்பம். அதற்கப்புறம் டெண்டர், கட்டுமானம், பில். இவ்வளவையும் எழுதி முடிக்க அந்த மேயர் அலுவலகத்தில் இருப்பது விரல் விட்டு எண்ணும் ஊழியர்கள். எழுதத் தெரிந்த ஊருக்குப் பணம் வருகிறது, எழுத ஆளில்லாத ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. இதற்காகவே ஸ்டார்க் என்ற பெயரில் தனித் திட்டம் ஒன்றை மத்திய அரசு வைத்திருக்கிறது. அதிலிருந்து ஆள் சம்பளமும் பயிற்சிச் செலவும் தரலாம். முதல் டப்பா தடுத்ததை இந்தச் சின்ன டப்பா கொஞ்சம் ஈடுகட்டுகிறது.

எது சீக்கிரம் வேகும், எது புளிக்க வேண்டும்

இரண்டாம் டப்பாவின் சமையல் வேறு மாதிரி. அதில் சில பண்டங்கள் உடனே வெந்துவிடுகின்றன, சிலவற்றுக்கு மாவு ஊறி, அரைத்து, புளிக்கக் காத்திருக்க வேண்டும்.

சீக்கிரம் வெந்ததற்கு எடுத்துக்காட்டு கோட்புஸ் நகரத்து ரயில் பணிமனை. லவுசிட்ஸின் பெரிய நகரம் கோட்புஸ். அங்கே ஜெர்மன் ரயில்வே தன் அதிவேக ஐசிஇ ரயில்களைப் பழுதுபார்க்கப் புதிய பணிமனை கட்டியது. முதல் கூடத்தைச் சான்சலராக இருந்த ஒலாஃப் ஷோல்ஸ் 2024 ஜனவரியில் திறந்து வைத்தார். முழுதாக இயங்கும்போது 1,200 பேருக்கு வேலை. சுரங்க இயந்திரத்தைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஃபிட்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் ரயில் பெட்டி அந்நியமல்ல, கொஞ்சம் பயிற்சி போதும். வேலை இருக்கும் இடத்திலேயே, கைவசம் உள்ள திறமைக்கே, கிட்டத்தட்ட பழைய சம்பளத்துக்கே வேலை. இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்த திட்டம் அபூர்வம். அதனால்தான் ஜெர்மனியில் இதைப் பற்றி யார் பேசினாலும் முதலில் கோட்புஸ் பணிமனையைக் காட்டுகிறார்கள்.

அந்தப் பணிமனைக்குப் போகும் ரயில் பாதையின் கதையையும் சொல்ல வேண்டும். பெர்லினிலிருந்து கோட்புஸ் வரும் வழியில் லுப்பெனாவ் தாண்டியதும் ஒற்றைத் தடம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, போர் இழப்பீடாக இரண்டாவது தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அதைத் திரும்பப் போடுவதற்கு முக்கால் நூற்றாண்டாகப் பணம் கிடைக்கவில்லை. நிலக்கரி நிதி வந்த பிறகுதான் வேலை நகர்ந்தது. இரட்டைத் தடம் வந்தால் கோட்புஸில் குடியிருந்துகொண்டு பெர்லினில் வேலை பார்க்க முடியும். ஊரில் ஒரு புதிய ஆலை வராவிட்டாலும் ஊர் பிழைக்க அது ஒரு வழி.

புளிக்க வேண்டிய மாவு ஆராய்ச்சி மையங்கள். சாக்சனியில் இரண்டு பெரிய மையங்களுக்கு 2022இல் தேர்வு முடிந்தது. போலந்து எல்லையோரக் கோர்லிட்ஸில் வானியற்பியல் மையம், லைப்சிக் பக்கத்து டெலிட்ச்சில் வேதியியலை மாற்றியமைக்கும் மையம். எண்ணெயையும் எரிவாயுவையும் நம்பாமல் வேதிப்பொருள் செய்ய வழி தேடுவது இரண்டாவதன் வேலை. கோட்புஸில் பழைய அரசு மருத்துவமனையை அடித்தளமாக்கி 2024 ஜூலை 1 அன்று மருத்துவப் பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். டாக்டர் கிடைக்காத கிராமப்புறத்துக்கு, அங்கேயே படித்து அங்கேயே தங்கும் டாக்டர்கள் வேண்டும் என்ற எண்ணம். இவையெல்லாம் பலன் தரப் பத்து, பதினைந்து ஆண்டு ஆகும். நேற்று அடுப்படியில் வேலை இழந்தவருக்கு வானியற்பியல் மையத்தில் என்ன வேலை என்று கோர்லிட்ஸ்காரர் கேட்டால், அவருக்கு இல்லை, அவர் மகளுக்கு இருக்கலாம் என்பதுதான் நேர்மையான பதில். அந்த மகள் மேற்கே போகாமல் இருப்பதற்கும் விலை உண்டு, அதை யாராவது கொடுத்தாக வேண்டும்.

இதோடு, 2028 முடிவதற்குள் மத்திய அரசு அலுவலகங்களில் 5,000 வேலைகளை நிலக்கரி வட்டாரங்களுக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. தலைநகரில் குவிந்திருக்கும் அலுவலகத்தின் ஒரு கிளையைச் சிற்றூருக்கு மாற்றுவது எளிய வேலை, உடனே கணக்குக் காட்டலாம். அதனால் அரசுகளுக்கு இது பிடிக்கிறது. தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் சம்பளம் கொடுப்பவர் அரசு, வரி கட்டுபவரும் அதே சம்பளக்காரர் என்றால், அந்த ஊர் சொந்தமாகச் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ள முடியாது.

அடுப்புக்காரருக்கும் சமையற்காரருக்கும்

4,000 கோடிக்கு வெளியே இன்னும் இரண்டு செலவுகள் இருக்கின்றன. ஒன்று மெஸ் முதலாளிக்கு. லவுசிட்ஸின் லேயாக் நிறுவனத்துக்கு 175 கோடி யூரோ வரை, ரைன்லாந்தின் ஆர்டபிள்யூஇ நிறுவனத்துக்கு 260 கோடி யூரோ. உரிமம் இருந்தும் முன்கூட்டியே மூடச் சொல்கிறோம், சுரங்கக் குழியை மூடிச் சீர்ப்படுத்தும் செலவும் முன்கூட்டியே வருகிறது என்பது வாதம். இது கூடுதலோ என்று ஐரோப்பிய ஆணையம் நீண்ட விசாரணை நடத்தியது. ஆர்டபிள்யூஇ தொகைக்கு 2023 டிசம்பரில்தான் ஒப்புதல் கொடுத்தது. அத்தனை ஆண்டு புகையில் லாபம் பார்த்தவருக்கு அணைக்கவும் பணமா என்ற கோபம் ஜெர்மனியில் பலருக்கு உண்டு, எனக்கும் உண்டு. ஒரு விஷயத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: குழியைச் சீர்ப்படுத்தும் பணத்தை ஒதுக்கி வைக்காமல் நிறுவனம் நொடித்துப்போனால், அந்தக் குழி ஊரார் தலையில் விழும்.

குழி என்றால் எவ்வளவு பெரிது? கோட்புஸ் நகரை ஒட்டிய ஒரே ஒரு பழைய சுரங்கத்தில் 2019 ஏப்ரலில் தண்ணீர் விடத் தொடங்கினார்கள். அது நிறைந்து உருவான ஏரியின் பரப்பு சுமார் 1,900 ஹெக்டேர். தண்ணீர் ஸ்ப்ரே ஆற்றிலிருந்து வருகிறது. அதே ஸ்ப்ரேதான் பெர்லினுக்குப் போகிறது. சுரங்கம் காய்ந்திருக்க வேண்டுமென்று நிலத்தடி நீரை இறைத்து இறைத்து ஸ்ப்ரேயில் விட்டதில், ஆறு பல பத்தாண்டுகளாகச் செயற்கையாகக் கொழுத்திருந்தது. வறண்ட கோடை மாதங்களில் ஸ்ப்ரே நீரில் 75 சதவீதம் வரை சுரங்கத்திலிருந்து இறைத்த நீர் என்று ஜெர்மனியின் சுற்றுச்சூழல் முகமை 2023இல் கணக்குச் சொன்னது. இறைப்பது நின்றால் தலைநகரின் குடிநீருக்கே நெருக்கடி. அடுப்பை அணைக்கப்போய், அந்தச் சூட்டில்தான் பின்வீட்டுக்கும் வெந்நீர் கிடைத்துக்கொண்டிருந்தது என்று தெரியவந்த கதை இது.

இரண்டாவது செலவு சமையற்காரர்களுக்கு. 58 வயதைத் தாண்டிய சுரங்க, மின்நிலையத் தொழிலாளி வேலை இழந்தால், ஓய்வூதியம் தொடங்கும் வரை அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்கு அரசு மாதாமாதம் உதவித்தொகை தரும். அந்த இடைவெளியில் அவர் ஓய்வூதியத்தில் விழும் வெட்டையும் அரசு ஈடுசெய்யும். 1990இல் பாதி வாழ்க்கையைத் தொலைத்த தலைமுறைக்கு இம்முறை அது நடக்காது என்று கொடுத்த வாக்கு இது. இந்த ஒன்றில் எந்தக் குறையும் சொல்ல எனக்கு மனமில்லை.

வெந்திருக்கிறதா?

பாதி வெந்திருக்கிறது.

முதல் டப்பாவிலிருந்து மழலையர் பள்ளி கட்டினார்கள், பூங்காவைப் புதுப்பித்தார்கள், விளையாட்டுக்கூடம் கட்டினார்கள். நிலக்கரிப் பணத்தில் இதெல்லாம் எதற்கு, இதனால் எத்தனை வேலை வந்தது என்று பொருளியலாளர்கள் விடாமல் கேட்கிறார்கள். பலனை அளக்கும் ஏற்பாடே போதாது என்று தணிக்கையாளர்களும் குறை சொன்னார்கள். இந்த விமர்சனத்தில் பாதிதான் எனக்கு உடன்பாடு. லவுசிட்ஸில் இன்றைய பஞ்சம் வேலைப் பஞ்சமல்ல, ஆள் பஞ்சம். 1990களில் போன இளைஞர்களுக்குப் பிறந்திருக்க வேண்டிய பிள்ளைகள் அந்த ஊரில் இல்லை. ரயில் பணிமனைக்கு ஆள் எடுத்தால் பக்கத்துச் சின்னப் பட்டறையில் ஆள் குறைகிறது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு இளம் குடும்பம் வந்து தங்க மழலையர் பள்ளி வேண்டும்தான். ஆனால் எந்த ஊரில், எந்தக் கணக்கில் என்று கேட்காமல் கட்டியவையும் இருக்கின்றன. வழக்கமாக நகராட்சி தன் பணத்தில் செய்ய வேண்டியதை நிலக்கரிப் பணத்தில் செய்து முடித்தால், டப்பா காலியாகும், தெரு மாறாது.

தொழில் முனைவோருக்கு நேராகத் தர முடியாத குறையை ஐரோப்பிய ஒன்றியத்தின் நியாயமான மாற்றத்துக்கான நிதி கொஞ்சம் தீர்க்கிறது. 2021இல் உருவான அந்த நிதியில் ஜெர்மனியின் பங்கு சுமார் 250 கோடி யூரோ. சிறுதொழில்களுக்கும் பயிற்சிக்கும் அதிலிருந்து தரலாம். புதைபடிவ எரிபொருள், அணு உலை, புகையிலை மூன்றுக்கும் ஒரு காசு கிடையாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள்.

இன்னொரு கோணல், தேதியில். ரைன்லாந்தில் 2038 என்று இருந்ததை, 2022இல் செய்த உடன்பாட்டில் 2030க்கு முன்னே இழுத்தார்கள். பருவநிலைக்கு நல்லது. ஆனால் பணத்தின் கால அட்டவணை 2038 வரையே நீள்கிறது. அடுப்பு எட்டு ஆண்டு முன்னதாக அணைகிறது, அரிசி பழைய தேதியில்தான் வருகிறது.

இத்தனை குறையோடும், 1990க்கும் 2020க்கும் உள்ள வேறுபாடு பெரிது. இம்முறை ஒவ்வொரு மின்நிலையத்துக்கும் தேதி தெரியும். எந்த ஆண்டில் எவ்வளவு வரும் என்று மேயருக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை, சுரங்கத்துக்குப் படிக்கலாமா ரயிலுக்குப் படிக்கலாமா என்று யோசிக்க அவகாசம் இருக்கிறது.

நெய்வேலிக்கு

நெய்வேலியின் முதல் சுரங்கத்தைத் தோண்டிய ராட்சத சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. 1957இல் தோண்டத் தொடங்கினோம், 1962இல் மின்சாரம் வந்தது. 600 மெகாவாட் திறன் கொண்ட முதல் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பரோடு நிறுத்தப்பட்டுவிட்டது, அதாவது லவுசிட்ஸ் சட்டம் வந்த அதே ஆண்டில். 2070க்குள் நிகர பூஜ்யம் என்று இந்தியா உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. சுரங்கம் என்றென்றைக்கும் ஓடிக்கொண்டே இருக்கப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருக்கிறது. ஆனால் கடலூர் மாவட்டத்துக்கென்று தேதியோடும் தொகையோடும் ஒரு சட்டமும் நம்மிடம் இல்லை.

பணத்துக்கு வழி இல்லாமல் இல்லை. 2010இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் என்று தொடங்கிய தூய எரிசக்தி வரி 2016இல் 400 ரூபாய் ஆனது. 2017இல் ஜிஎஸ்டி வந்ததும் அந்தப் பணம் மாநிலங்களின் வரி இழப்பீட்டுக்குத் திருப்பிவிடப்பட்டது. 2015 முதல் மாவட்டக் கனிம அறக்கட்டளை இருக்கிறது, சுரங்க ராயல்டியைச் சார்ந்து வரும் நிதி அது. அதன் கோளாறு வெளிப்படையானது: சுரங்கம் ஓடும் வரைதான் பணம் வரும். தேவை உச்சத்துக்குப் போகும் ஆண்டில், அதாவது சுரங்கம் மூடும் ஆண்டில், நின்றுபோகும்.

லவுசிட்ஸை அப்படியே நகலெடுக்கவும் முடியாது. நெய்வேலியில் ஆயிரக்கணக்கானோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு வேலை கிடைத்ததா, கிடைக்கவில்லையா என்ற பழைய கணக்கு இன்னும் தீரவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல் வயலில் சுரங்க விரிவாக்கத்துக்காக இயந்திரத்தை இறக்கியதை மக்கள் மறக்கவில்லை. இங்கே எழுதப்படும் எந்தச் சட்டமும், தொழிலாளி என்ற சொல்லுக்குள் ஒப்பந்தத் தொழிலாளியையும், பாதிக்கப்பட்டவர் என்ற சொல்லுக்குள் நிலம் கொடுத்தவரையும் கூலி விவசாயியையும் சேர்த்தே எழுதப்பட வேண்டும்.

அடுத்த தேர்தலில் கடலூர், சிதம்பரம் தொகுதிகளில் ஓட்டுக் கேட்டு வருபவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், நெய்வேலிச் சுற்றுவட்டாரத்து மக்கள் அவரிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். சுரங்கமும் மின்நிலையமும் எந்த ஆண்டில் மூடும்? அதற்கு முன்னால், ஆண்டுக்கு எவ்வளவு பணம், யார் கையால், எந்தச் சட்டப்படி எங்கள் ஊருக்கு வரும்? இரண்டுக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள்.